பயிரைத் தாக்கும் பாக்டீரியா நோய்களை இனங்காண்பது எப்படி?

(உழவர் பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



பயிர் நோய்களைப் பற்றிப் பேசுவது வழக்கமாக நோயியல் துறையினரின் வேலை. நானோ உழவியல் படித்தவன். உரம், நீர், இடைவெளி, களை என்பவைதான் எனது பாடம். அப்படியிருந்தும் இன்று இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கிக் கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிது. சம்பாப் பருவம், ஐப்பசி மாதம். பெரியவர் ஒருவர் செய்தித்தாளில் சுருட்டிய நாலைந்து நெல் இலைகளைக் கொண்டு வந்தார். பறித்து இரண்டு நாட்களாகிவிட்டிருந்தன. "நுனி மஞ்சளாகுது தம்பி, என்னன்னு பாருங்க" என்றார். உழவியல் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் உரக் குறையாகத்தான் தெரியும். இலையைப் பிரித்துப் பார்த்தேன். தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டினேன். ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா மேலுரமாகப் போடச் சொன்னேன். வயலைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அவர் அன்று மாலையே யூரியா போட்டுவிட்டார். அந்த வாரம் காற்றோடு மழை பெய்தது. பன்னிரண்டு நாட்கள் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை நோயியல் துறை நண்பரையும் அழைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். இரண்டு ஏக்கரும் வைக்கோல் நிறத்தில் நின்றது. நண்பர் ஓர் இலையைக் கிள்ளினார். அருகிலிருந்த வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். இலைத் துண்டை அதில் போட்டு வெளிச்சத்தில் பிடித்தார். சிறிது நேரத்தில் வெட்டிய வாயிலிருந்து புகை போல் ஒரு வெண்மை தண்ணீரில் இறங்கியது. "இது பாக்டீரியா. தழைச்சத்து குறையவே இல்லை. நோய் வந்த பயிருக்கு மேலும் தழைச்சத்துக் கொடுத்து வளர்த்துவிட்டிருக்கிறோம்" என்றார்.

பெரியவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்" என்றார். நகையை அடகு வைத்துச் செய்த வெள்ளாமை அது. வந்த கதிரில் பாதி பதர். அந்த ஒரு டம்ளர் தண்ணீரை முதல் நாளே நான் கேட்டிருந்தால், நோய் வயலின் ஓரத்தில் இருந்தபோதே தெரிந்திருக்கும். ஆகவே இன்று நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்று: பயிரில் எதைப் போடுவதற்கும் தெளிப்பதற்கும் முன்னால், வந்திருப்பது இன்னதென்று இனங்கண்டு கொள்ளுங்கள்.

பாக்டீரியா என்பது என்ன?

பாக்டீரியா என்பது ஒரே ஓர் உயிரணுவால் ஆன உயிர். நெல்லைத் தாக்கும் பாக்டீரியாவை ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தினால், ஒரு மில்லி மீட்டர் நீளத்துக்குள் ஐந்நூறுக்கும் மேல் அடங்கிவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. உருப்பெருக்கியின் வழியேதான் பார்க்க முடியும்.

எல்லா பாக்டீரியாவும் பகை அல்ல. பாலைத் தயிராக்குவது பாக்டீரியா. உளுந்து, பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேர் முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதும் பாக்டீரியாதான். நோய் உண்டாக்குபவை மிகச் சிலவே.

பூசணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பூசணம் நூல் போல் வளர்வது. அதில் பல வகைகள் இலையின் தோலைத் தாமே துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பாக்டீரியாவுக்குத் துளைக்கும் ஆற்றல் கிடையாது. திறந்திருக்கும் வாசல் வேண்டும். இலையின் மூச்சுத் துளை ஒரு வாசல். இலை நுனியிலும் ஓரத்திலும் உள்ள நீர்த் துளை இன்னொரு வாசல். விடியற்காலையில் நெல் இலையின் நுனியில் முத்துப் போல் நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளிவரும் வழியே பாக்டீரியா உள்ளே போகும் வழியும் ஆகும். மூன்றாவது வாசல் காயம். காற்றில் இலைகள் உரசிய கீறல், பூச்சி கடித்த இடம், நாற்றுப் பறிக்கையில் அறுந்த வேர், கத்திரித்த நுனி ஆகிய எல்லாமே திறந்த கதவுகள்தான்.

இது தெரிந்தால் நோய் ஏன் மழைக்கும் காற்றுக்கும் பின்னால் வருகிறது, ஏன் இலை நுனியிலும் ஓரத்திலும் தொடங்குகிறது என்பதெல்லாம் தாமே விளங்கும்.

கால்நடையில் தொடங்கிய கதை

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்தான் நோய்க்குக் காரணம் என்று மெய்ப்பித்த முதல் நோய்களில் ஒன்று நம் மாடுகளுக்கு வரும் அடைப்பான். ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் காக் என்ற மருத்துவர் 1876-ஆம் ஆண்டு இதனை நிறுவினார். காசநோய்க்கும் பாக்டீரியாவே காரணம் என்று 1882-இல் காட்டியவரும் இவரே. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தாமஸ் பர்ரில் என்பவர், பேரி மரங்களைக் கருக்கிய நோய்க்கு பாக்டீரியாவே காரணம் என்று கண்டார். செடிகளுக்கும் பாக்டீரியா நோய் உண்டு என்பதை அன்றைய அறிஞர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. எர்வின் ஸ்மித் என்பவர் பல ஆண்டுகள் வாதாடி அதை நிலைநாட்டினார். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகியவற்றின் வாடல் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 1896-இல் விவரித்தவர் அவர்தான்.

காக் வகுத்த முறை எளிமையானது. நோயுற்ற உயிரில் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைத் தனியே பிரித்து வளர்க்க முடிய வேண்டும். வளர்த்ததை நலமான உயிரில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அதிலிருந்து அதே கிருமியை மறுபடியும் எடுக்க முடிய வேண்டும். இந்த நான்கும் பொருந்தினால்தான் இன்ன கிருமி இன்ன நோய்க்குக் காரணம் என்று சொல்லலாம். பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டக்கூடாது என்பதே இதன் சாரம். என் போன்றோர் மறந்துவிடுவதும் அதையே.

வயலில் நின்று கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இனி வயலுக்கு வருவோம். இலை மஞ்சளானாலோ கருகினாலோ இந்த நான்கு கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலாவது, வயலில் எப்படிப் பரவியிருக்கிறது? சத்துக் குறை பெரும்பாலும் வயல் முழுதும், அல்லது மண் மாறும் இடத்தில், ஒரே சீராகத் தெரியும். பாக்டீரியா நோய் முதலில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தொடங்கும். பிறகு காற்று அடித்த திசையிலும், பாய்ச்சிய தண்ணீர் ஓடிய வழியிலும் விரியும்.

இரண்டாவது, எந்த இலையில் தொடங்கியது? தழைச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மாறும். தழைச்சத்துக் குறையில் இலை முழுதும் வெளிறும். சாம்பல்சத்துக் குறையில் அடியிலைகளின் நுனியும் ஓரமும் பழுத்துக் காயும். பாக்டீரியா இலைக்கருகலோ மேல் இலைகளையும், பிந்திய பருவத்தில் கண்ணாடி இலையையும் தாக்கும்.

மூன்றாவது, நோயுற்ற பகுதியின் எல்லை எப்படியிருக்கிறது? பாக்டீரியா தாக்கிய இடம் முதலில் எண்ணெய் பட்ட காகிதம் போல் நீர் கோத்துத் தெரியும். பிறகு மஞ்சளாகிக் காயும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் உள்ள கோடு, நெல்லில், அலை அலையாக இருக்கும். தூள் போன்ற பூசண வித்துக்களோ மயிர் போன்ற வளர்ச்சியோ இராது.

நான்காவது, காலையில் பார்த்தீர்களா? வெயில் ஏறிய பின் பார்ப்பதில் பாதிச் செய்தி போய்விடும். விடியலில், புதிதாக நோய் கண்ட இலையில், பால் கலந்தாற்போல் மங்கலான நீர்த் துளிகள் நிற்கும். அவை முழுக்க பாக்டீரியா. வெயிலில் உலர்ந்து மஞ்சள் நிறக் குருணைகளாக இலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மழை அவற்றைக் கரைத்துப் பக்கத்துப் பயிருக்குக் கொண்டு செல்லும்.

டம்ளர் சோதனை

இந்தக் கேள்விகளுக்குப் பின்னும் ஐயம் இருந்தால் சோதனை செய்யுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தெளிந்த நீர் எடுத்துக்கொள்ளுங்கள். நோய் புதிதாகத் தோன்றிய இலை ஒன்றைப் பறித்து, பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் குறுக்காக வெட்டுங்கள். முழுதும் காய்ந்த பகுதி பயன்படாது. அதே பயிரின் நலமான இலை ஒன்றையும் அவ்வாறே வெட்டிக்கொள்ளுங்கள். நோய் இலைத் துண்டை ஒரு டம்ளரிலும் நல்ல இலைத் துண்டை மற்றொன்றிலும் வெட்டுவாய் நீரில் முழுகுமாறு விடுங்கள். அசைக்காமல் சில நிமிடங்கள் பொறுத்து, பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பாருங்கள்.

பாக்டீரியாவாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து மங்கலான வெண்மை இழையாகக் கசியும். மேலும் சிறிது நேரம் வைத்தால் நீர் கலங்கும். நல்ல இலை போட்ட நீர் தெளிவாகவே இருக்கும். இரண்டு டம்ளர் ஏன் என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் பார்த்தால் இலையில் ஒட்டியிருந்த மண்ணும் நமக்குப் பாக்டீரியாவாகத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தத் தவறு நேராது.

இப்படிக் கசிவது ஏன்? பாக்டீரியா இலையின் நீர்க் குழாய்களுக்குள் குடியேறிப் பெருகுகிறது. கோழை போன்ற பசையைச் சுரந்து குழாயை அடைத்துவிடுகிறது. மேலே நீர் ஏறாததால் இலை காய்கிறது. குழாயை நாம் வெட்டியதும், உள்ளே நெருங்கிக் கிடந்தவை நீரில் வழிகின்றன. பூசண நோயிலும் சத்துக் குறையிலும் இவ்வாறு வழிவதில்லை.

கசியவில்லை என்பதற்காக உடனே பாக்டீரியா இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். இலை முற்றிக் காய்ந்திருக்கலாம். வேறு நாலு செடிகளில் புதிய இலை எடுத்து மறுபடி பாருங்கள்.

நெல்லில்

நெல் இலைக்கருகலை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா. ஜப்பான் நாட்டின் புக்குவோக்கா பகுதி விவசாயிகள் 1884-இலேயே இதனைக் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 1963-இல் பீகாரிலும், 1979, 1980 ஆண்டுகளில் பஞ்சாப், அரியானா பகுதிகளிலும் பெருவாரியாகப் பரவிற்று. 25 முதல் 34 டிகிரி வரையுள்ள வெப்பம், ஈரக் காற்று, மழை, அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து ஆகியவை சேர்ந்தால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். தூர் கட்டும் பருவத்தில் வந்தால் இழப்பு மிகுதி. பொதிப் பருவத்துக்குப் பின் வந்தால் விளைச்சலைவிட அரிசியின் தரமே அதிகம் கெடும்.

இதே பாக்டீரியா இளம்பயிரில் வேறு வேடத்தில் வரும். நட்ட ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் நாற்றின் இலைகள் சுருண்டு, சாம்பல் பச்சையாகி, செடியே வாடிச் சாகும். இந்தோனேசியாவில் இதனைக் 'கிரெசெக்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே உலகெங்கும் வழங்குகிறது. நம் விவசாயிகள் பலர் இதைக் குருத்துப் பூச்சி என்று எண்ணிப் பூச்சி மருந்து தெளிக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. குருத்துப் பூச்சி தாக்கிய செடியில் நடுக்குருத்து மட்டும் காய்ந்திருக்கும். இழுத்தால் கையோடு வரும். அடியில் புழு கடித்த தடம் தெரியும். கிரெசெக் கண்ட செடியில் அந்தத் தடம் இராது. அடித்தண்டை வெட்டி விரல்களுக்கிடையில் அழுத்தினால் மஞ்சள் நிறப் பசை கசியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குருத்துப் பூச்சியின் முட்டைக் குவியலை அகற்றுவதற்காக நாற்றின் நுனியைக் கிள்ளி நடச் சொல்கிறோம். அது நல்ல யோசனையே. ஆனால் இலைக்கருகல் ஆண்டுதோறும் வரும் வயலில் நுனி கிள்ளுவது, நூறாயிரம் காயங்களை நாமே உண்டாக்குவதற்கு ஒப்பாகும். அத்தகைய இடங்களில் கிள்ளாமல் நடுவதே நல்லது.

நெல்லில் பாக்டீரியா இலைக்கீற்று நோய் என்று மற்றொன்றும் உண்டு. அதில் நரம்புகளுக்கிடையே மெல்லிய கோடுகள் தோன்றும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் கோடுகளின் வழியே வெளிச்சம் தெரியும். குலை நோய் இவற்றிலிருந்து வேறு. அது பூசணத்தால் வருவது. கண் வடிவில், நடுவே சாம்பல் நிறத்தில் புள்ளிகள் இருக்கும். குலை நோய்க்கான டிரைசைக்ளசோல் மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. இனங்காணாமல் தெளித்தால் பணம் தண்ணீரோடு போகும். அதற்குள் நோயும் பத்து நாள் முந்திக்கொள்ளும்.

தக்காளி, கத்தரியில்

தக்காளித் தோட்டத்தில் நேற்றுவரை செழிப்பாக நின்ற செடி இன்று நண்பகலில் வெந்நீர் ஊற்றியது போல் தொங்கும். மாலையில் தெளியும். மறுநாளும் அப்படியே. சில நாட்களில் பச்சை மாறாமலேயே செத்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் பாய்ச்சுவோம். அதனால் நோய் பாத்திக்குப் பாத்தி போகும். ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவின் வேலை இது. வேரிலுள்ள காயத்தின் வழியே நுழைந்து தண்டின் நீர்க் குழாய்களை அடைத்துவிடுகிறது.

பியூசேரியம் என்னும் பூசணத்தாலும் வாடல் வரும். அதில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பல சமயம் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி, மெதுவாக வாடும். வேர் முடிச்சு நூற்புழுவானால் செடியைப் பிடுங்கியதும் வேரில் கழலைகள் தெரியும். சோதனை இங்கேயும் அதுதான். தண்டின் அடியில் விரல் நீளத் துண்டு வெட்டி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி டம்ளரில் தொங்கவிடுங்கள். பாக்டீரியா வாடலானால் சில நிமிடங்களில் பால் நூல் விட்டாற்போல் வெள்ளை இழை நேராகக் கீழே இறங்கும். நெல் இலையைவிட இதில் தெளிவாகத் தெரியும்.

இந்த நோய் கண்ட செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வேர் மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்தி எரிக்க வேண்டும். அந்த இடத்தின் வழியே நீர் ஓடாமல் தடுக்க வேண்டும். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. கிருமி மண்ணில் நெடுநாள் தங்கும். அதனால் தக்காளிக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் மிளகாய் என்று ஒரே குடும்பத்தைச் சுற்றிச் சுற்றி வைக்காமல், நடுவே நெல், சோளம், மக்காச்சோளம் போன்ற தானியங்களைப் பயிரிடுங்கள். கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நடுவது நல்ல பலன் தரும் முறை. வாடலைத் தாங்கும் இரகங்களும் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூரியா கத்தரியும், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டுத் தக்காளியும் அத்தகையவை.

எலுமிச்சை, பருத்தியில்

எலுமிச்சைச் சொறி நோயை நீங்கள் அறிவீர்கள். இலை, குச்சி, காய் மூன்றிலும் தக்கை போல் சொரசொரப்பான புள்ளிகள் மேடாகத் தோன்றும். இலையில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். சாறு கெடுவதில்லை, ஆனால் பழத்தின் விலை கெடும். இலைத் துளைப்பான் புழு கோலம் போட்ட இலையில் இந்நோய் மிகுதியாக வருவதைக் கவனியுங்கள். புழு போட்ட கோலம் பாக்டீரியாவுக்கு வழி. ஆகவே புழுவைக் கட்டுப்படுத்துவதும் நோய்த் தடுப்பின் பகுதியே. மழையில்லாத நாளில் நோயுற்ற குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, தாமிர மருந்து தெளிக்க வேண்டும்.

பருத்தியில் இலை நரம்புகள் எல்லை கட்டுவதால் புள்ளிகள் வட்டமாக இல்லாமல் கோணம் கோணமாக அமையும். முற்றினால் கிளையும் கறுக்கும். இது விதையின் வழியே வரும் நோய். நோயுற்ற வயலில் விதைக்கென்று பருத்தி எடுக்காதீர்கள்.

இனங்கண்ட பின் செய்ய வேண்டியவை

நெல் இலைக்கருகல் என்று உறுதியானால் முதல் வேலை தழைச்சத்தை நிறுத்துவது. நோய் அடங்கும்வரை யூரியா வேண்டாம். இனி வரும் பருவத்திலும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். அட்டை பார்க்கும்போது நோயற்ற செடியின் இலையைத்தான் ஒப்பிட வேண்டும். நோய் மஞ்சளை அட்டையில் வைத்துப் பார்த்தால் நான் செய்த அதே தவறு நேரும்.

இரண்டாவது, வயலிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். நோயுள்ள வயலின் நீர் பக்கத்து வயலுக்குப் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது உங்கள் அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியுமாகும். இலை ஈரமாக இருக்கும்போது வயலுக்குள் இறங்கி நடப்பதைத் தவிருங்கள். வரப்பிலுள்ள கோரை, புல் ஆகியவற்றிலும் கிருமி தங்கும். அவற்றை அகற்றுங்கள்.

மூன்றாவது, புதிய சாணத்தின் 20 சதக் கரைசலை நோய் கண்டதும் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறு முறையும் தெளிக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலுக்கு 40 கிலோ சாணம் தேவை. நன்றாகக் கரைத்து, துணியில் இருமுறை வடிகட்டினால் தெளிப்பான் அடைக்காது. தாமிர மருந்து இலையின் மேலுள்ள கிருமியைத்தான் கொல்லும். குழாய்க்குள் போய்விட்டதை அது தொடாது. ஆகவே ஓரத்தில் கண்டவுடனே தெளித்தால் பயன் உண்டு. வயல் முழுதும் கருகிய பின் தெளிப்பது வீண். அளவை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுத் தெளியுங்கள்.

எல்லாவற்றையும்விடச் சிறந்தது எதிர்ப்புத் திறனுள்ள இரகம். நாம் ஆந்திரா பொன்னி என்று அழைக்கும் பி.பி.டி. 5204 இரகத்துக்கு இந்நோயைத் தாங்கும் திறன் இல்லை. ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையமும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, அதே இரகத்தில் நோய் எதிர்க்கும் மூன்று மரபணுக்களைக் கலப்பு முறையில் சேர்த்து, மேம்படுத்திய சம்பா மசூரி என்னும் இரகத்தை உருவாக்கியுள்ளன. ஒரு பூட்டுக்குக் கிருமி சாவி கண்டுபிடித்தாலும் மூன்று பூட்டுக்கு எளிதில் கிடைக்காது என்பதுதான் மூன்று சேர்த்ததன் கருத்து. இலைக்கருகல் விடாமல் வரும் ஊர்க்காரர்கள் இதனை எண்ணிப் பாருங்கள்.

உயிர் எதிர்ப்பு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை

பாக்டீரியா என்றதும் சிலர் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தூளைக் கேட்டு வாங்குகிறார்கள். நெடுங்காலம் நாமே இதனைப் பரிந்துரை செய்தோம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது மனிதருக்குக் காசநோய் மருத்துவத்தில் பயன்படும் மருந்து. வயலில் திரும்பத் திரும்பத் தெளித்தால் அதற்குச் சாகாத பாக்டீரியாக்கள் பெருகும். அந்தத் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறொன்றுக்கும் போகக்கூடியது. நாளை நம் வீட்டில் ஒருவருக்கு மருந்து வேலை செய்யாமல் போகலாம். இந்தக் காரணத்தால்தான், பயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் பயன்படுத்துவதைத் தடை செய்வதற்கான வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஆகவே அதை நாடாதீர்கள். கடைக்காரர் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாதிரி கொண்டு வருவது எப்படி?

உங்களுக்கு ஐயம் தீரவில்லை என்றால் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இலைத் துண்டிலிருந்து கிருமியைப் பிரித்து, கூழ் போன்ற ஊட்டத்தில் வளர்த்து, நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பார்கள். சாந்தோமோனாஸ் மஞ்சள் நிறத்தில் வளரும். 1884-இல் கிராம் என்பவர் கண்டுபிடித்த சாய முறையால் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அறிவார்கள். இன்று மரபணுச் சோதனையால் சில மணி நேரத்திலேயே உறுதி செய்யவும் வழியுண்டு. ஆனால் எந்தக் கருவியாலும் காய்ந்துபோன இலையிலிருந்து சரியான செய்தியைப் பெறுவது கடினம்.

ஆகையால் மாதிரியைக் காலையில் எடுங்கள். நோய் தொடங்கிய நிலை, நடு நிலை, முற்றிய நிலை மூன்றிலும் இலை வேண்டும். நலமான செடியின் இலையும் உடன் வேண்டும். வாடல் நோயானால் வேரோடும் சிறிது மண்ணோடும் செடியைக் கொண்டு வாருங்கள். காகிதத்தில் சுற்றி நிழலில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். நீர் தெளித்து பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிவிடும். அழுகலில் வேறு பாக்டீரியாக்கள் வளர்ந்து உண்மையை மறைத்துவிடும். இரகம், நட்ட நாள், போட்ட உரம், தெளித்த மருந்து, கடைசியாகப் பெய்த மழை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வையுங்கள்.

முடிவாக ஒன்று. நான் முதலில் சொன்ன பெரியவர் அடுத்த ஆண்டும் அதே வயலில் நெல் நட்டார். கார்த்திகையில் ஒரு நாள் காலை எனக்கு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தபோது வரப்பில் இரண்டு டம்ளர்கள் வைத்திருந்தார். ஒன்றில் நீர் கலங்கியிருந்தது. "ஓரத்துல நாலு குத்துலதான் இருக்கு தம்பி. தண்ணிய வடிச்சிட்டேன். யூரியா போடல. அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டார். அந்த ஆண்டு நோய் வயலின் ஓரத்தைத் தாண்டவில்லை.

உங்களில் எவரேனும் இலையைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொண்டு வந்து, நானோ வேறு எவருமோ வயலைப் பாராமல் உரம் எழுதிக் கொடுத்தால், "ஐயா, டம்ளரில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை. கேளாமல் விட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.